எந்தப் புத்தகத்தில் வெங்காயம் உயிரைக் காப்பாற்றுகிறது?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியும் சுற்றியுள்ள சில பள்ளிகளும் சேர்ந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிப்புப் போட்டி நடத்துகின்றன. ஐந்து பேர் கொண்ட அணியில் இவளையும் சேர்த்திருக்கிறார்கள். பத்துப் புத்தகப் பட்டியல் போடும் பொறுப்பு இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு. ஆறு நாவல், மூன்று கதையல்லாத புத்தகம், அதோடு பிள்ளைகள் அவரவர் தாய்மொழியில் படிக்கக்கூடிய ஒன்று வேண்டுமாம். ஆசிரியை பெற்றோரிடமும் யோசனை கேட்டிருக்கிறார். போட்டிக்குப் பதினான்கு வாரம் இருக்கிறது. என் மகளோ படம் போட்ட டைரிக் கதைகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. டியூஷன் சார், "எல்லாப் புத்தகத்துக்கும் நெட்டில் சுருக்கம் இருக்கிறது, அதை மனப்பாடம் செய்தால் போதும்" என்கிறார். நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் நாவல் படித்துச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகங்களைச் சொல்லலாம்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டியூஷன் சார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதே தவறை நானும் ஒரு வருடம் செய்திருக்கிறேன்.

செம்பூரில் ஒரு பள்ளி நூலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். அணி தயாரிக்கத் தொடங்கிய புதிதில், நேரம் போதவில்லை என்று நான்கு புத்தகங்களுக்கு நானே சுருக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். அரையிறுதி வரை போனோம். அங்கே வந்த கேள்வி: "எந்தப் புத்தகத்தில் வெங்காயம் இரண்டு பையன்களின் உயிரைக் காப்பாற்றுகிறது?" முப்பது நொடி. மேடையில் இருந்த எங்கள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் சுருக்கத்தில் வெங்காயமே கிடையாது. நேரம் முடிந்து மணி அடித்ததும் திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் அணிக்கு மாற்றாக அழைத்து வந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண், நாற்காலியின் நுனிக்கு வந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்தவள் அவள். பதில் தொண்டை வரை வந்து நிற்கிறது, சொல்ல அனுமதி இல்லை. அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு நான் யாருக்கும் சுருக்கம் எழுதித் தந்ததில்லை.

இந்த மாதிரிப் போட்டிகளில் கேள்விகள் பெரும்பாலும் ‘எந்தப் புத்தகத்தில்’ என்றுதான் தொடங்கும். தலைப்பையும் எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு மதிப்பெண். கேள்வி தயாரிக்கிறவர் கதையின் பெரிய திருப்பங்களைப் பக்கத்தில்கூடச் சேர்க்கமாட்டார். அவை பின்னட்டையிலேயே இருக்கின்றன. அவர் தேடுவது ஒரு கைக்குட்டை, பள்ளிக்கூடத்து ரயில் பெட்டி, ரயிலடியில் கைமாறிய ஒரு பரிசு. இப்படிப்பட்ட சின்ன விஷயங்களை மனப்பாடம் செய்ய முடியாது. அந்தக் கதைக்குள் கொஞ்ச நாள் குடியிருந்த பிள்ளைக்குத்தான் அவை தங்கும். அதனால் பட்டியல் போடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை இந்தப் புத்தகத்தை இரண்டாம் தடவை எடுப்பாளா?

அந்த வெங்காயப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். லூயிஸ் சாச்சர் எழுதிய ‘ஹோல்ஸ்’. 1998இல் வந்தது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும், அடுத்த வருடம் அந்நாட்டு நூலகர் சங்கம் தரும் நியூபெரி பதக்கத்தையும் வாங்கியது. செய்யாத திருட்டுக்காக ஒரு பையனைச் சீர்திருத்த முகாமுக்கு அனுப்புகிறார்கள். ‘பச்சை ஏரி முகாம்’ என்று பெயர், ஏரியைத்தான் காணோம். வறண்ட தரையில் ஒவ்வொருவரும் தினமும் ஒரு குழி தோண்ட வேண்டும், ஐந்தடி ஆழம், ஐந்தடி அகலம். இதற்குள் இன்னும் இரண்டு பழைய கதைகள் ஓடுகின்றன, மூன்றும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முடிச்சுப் போடுகின்றன. பையன் பெயர் ஸ்டான்லி, குடும்பப் பெயர் யெல்நாட்ஸ். இங்கிலீஷ் எழுத்தில் முதல் பெயரைத் திருப்பிப் போட்டால் குடும்பப் பெயர் வந்துவிடும். பிள்ளைகள் தாங்களாக இதைக் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், அதற்காகவே இந்தப் புத்தகத்தை வருடாவருடம் கொடுக்கிறேன். வாக்கியங்கள் சின்னவை, அத்தியாயங்களும் சின்னவை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தைரியமாக இறங்கலாம். வெங்காயம் எப்படிக் காப்பாற்றியது என்பதை உங்கள் மகள் வாயாலேயே கேளுங்கள்.

அடுத்து கேரி பால்சன் எழுதிய ‘ஹாட்செட்’. பதின்மூன்று வயதுப் பையன், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அப்பாவைப் பார்க்கச் சின்ன விமானத்தில் கனடாவுக்குப் போகிறான். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் ஏரியில் விழுகிறது. காட்டில் 54 நாள், கையில் அம்மா கொடுத்த சிறு கோடாரி ஒன்றுதான். படிக்கப் பிடிக்காது என்று சொல்லும் பையன்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான். அணியில் அப்படி ஒருவன் இருந்தால் அவன் பெயருக்கு எழுதிவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு டைரி பிடிக்கிறது என்றால் டைரியையே கொடுப்போம். வீரா ஹிராநந்தானியின் ‘த நைட் டைரி’ முழுக்க முழுக்க ஒரு பெண் எழுதும் டைரிதான். நிஷாவுக்குப் பன்னிரண்டு வயது. 1947 ஜூலையில் பிறந்தநாளன்று வீட்டுச் சமையல்காரர் காசி அந்த டைரியைப் பரிசாகக் கொடுக்கிறார். தன்னையும் தம்பியையும் இரட்டையாகப் பெற்றபோது இறந்துபோன அம்மாவுக்குத் தினமும் இரவு அதில் கடிதம் எழுதுகிறாள். அப்பா இந்து மருத்துவர், அம்மா முஸ்லிம். நாடு பிரியும்போது சிந்து மாகாணத்து மீர்பூர் காசிலிருந்து ஜோத்பூருக்குக் குடும்பம் கிளம்ப வேண்டியிருக்கிறது. எழுதியவரின் அப்பா குடும்பமே அந்த வழியில் வந்ததுதான். 2019இல் இது, நியூபெரி பதக்கத்துக்கு அடுத்த நிலையான நியூபெரி கௌரவம் பெற்றது.

மும்பைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் வலியுறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. உங்கள் பேட்டையிலேயே குரு தேக் பகதூர் நகர் இருக்கிறது, பிரிவினையில் வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் குடியேறிய இடம். எங்கள் பக்கம் செம்பூர் கேம்ப், சிந்தி மக்கள் வந்து தங்கிய முகாம். ஒரு வருடம் எங்கள் அணியில் இருந்த தமிழ்ப் பையன், கீழ்வீட்டு சிந்திப் பாட்டியிடம் போய், "பாட்டி, மீர்பூர் காஸ் எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். பாட்டி அவனை உட்கார வைத்து, அப்பளம் சுட்டுக் கொடுத்து, தான் கிளம்பி வந்த கதையை ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறார். அந்த நாவலில் அவனை எந்தக் கேள்வியிலும் யாராலும் அசைக்க முடியவில்லை.

ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935இல் வந்த புத்தகம். பழசு என்று ஆசிரியை தயங்கலாம், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளை பேசுகிற மாதிரியே சுவாமிநாதன் பேசுகிறான். அப்பா அவனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார்: ராமாவிடம் பத்து மாம்பழம், அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க வேண்டும், கிருஷ்ணாவுக்கு நான்கு மாம்பழம் மட்டும் போதும், அப்படியானால் கிருஷ்ணா எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமிக்குக் கணக்கு ஓடவில்லை, மாம்பழம்தான் ஓடுகிறது. கடைசியில் அப்பாவிடமே கேட்டுவிடுகிறான், அந்தப் பழங்கள் பழுத்திருந்தனவா என்று. இந்தப் பக்கத்தை நான் ஒவ்வொரு ஜூனிலும் வாய்விட்டு வாசிப்பேன். கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் அன்று மாலையே புத்தகத்தை வாங்க வந்து நிற்பார்கள். கடைசி அத்தியாயத்தில் ரயிலடியில் சுவாமி தன் நண்பனுக்கு ஒரு பரிசு கொடுக்கிறான். அதைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கேள்வியாக வரக்கூடிய இடம்.

லோயிஸ் லவ்ரியின் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். 1943இல் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த டென்மார்க்கில், யூதத் தோழியைக் காப்பாற்றும் ஒரு சிறுமியின் கதை. நாய்களின் மோப்ப சக்தியை மழுங்கடிக்கும் ஒரு கைக்குட்டை இதில் வருகிறது. நம்ப முடியாத இந்தச் சங்கதி உண்மையில் நடந்தது என்று ஆசிரியர் பின்னுரையில் சொல்கிறார். பிள்ளைகள் கதை முடிந்தவுடன் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பின்னுரை, ஆசிரியர் குறிப்பு எல்லாவற்றையும் படிக்க வையுங்கள், கேள்விகள் அங்கிருந்தும் வரும்.

ஆறாவது நாவல் லிண்டா சூ பார்க்கின் ‘எ லாங் வாக் டு வாட்டர்’. சூடானில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் பதினொரு வயது. 1985இல் சால்வா போருக்குத் தப்பி நடக்கிறான். 2008இல் நியா தினமும் இரண்டு தடவை குளத்துக்கு நடந்து தண்ணீர் கொண்டுவருகிறாள். சால்வா நிஜ மனிதர். தாராவியில் படித்தவர் நீங்கள், குழாயடி வரிசை உங்களுக்குப் புதிதில்லை. உங்கள் மகளுக்கு அது அநேகமாகக் கேள்விப்பட்ட கதை மட்டும்தான். நியாவின் பகுதி வரும்போது உங்கள் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி கதையல்லாத புத்தகங்கள். இதில்தான் பெரும்பாலான பட்டியல்கள் சறுக்குகின்றன. ‘உலகின் நூறு விஞ்ஞானிகள்’, ‘தெரிந்துகொள்வோம்’ வகைத் தொகுப்புகளைச் சேர்த்துவிடுவார்கள். துண்டு துண்டாகத் தகவல்கள். படிக்கிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மனிதர் இல்லை, ஒரு ஊர் இல்லை, அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்பு இல்லை. கதையல்லாத புத்தகத்திலும் ஒரு உயிர் தவிக்க வேண்டும்.

அப்படி ஒன்று, மலாவி நாட்டு வில்லியம் கம்குவாம்பாவின் ‘த பாய் ஹூ ஹார்னெஸ்ட் த விண்ட்’. ஊரில் பஞ்சம். பீஸ் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். பையன் சும்மா இருக்கப் பிடிக்காமல் கிராமத்துச் சின்ன நூலகத்துக்குப் போகிறான். அங்கே ‘யூசிங் எனர்ஜி’ என்றொரு பாடப் புத்தகம், அதில் காற்றாலைப் படம். இங்கிலீஷ் சரியாகப் படிக்க வராது. படத்தைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் வார்த்தையை ஊகித்து, நூலகரிடம் கேட்டு, பழைய சைக்கிள், டிராக்டர் மின்விசிறி, பிளாஸ்டிக் குழாய் என்று குப்பைமேட்டில் பொறுக்கியதை வைத்து ஒரு காற்றாலையைக் கட்டி வீட்டில் விளக்கு எரிய வைக்கிறான். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. தாராவியில் பழைய பொருளைப் பிரித்துப் புதுப் பொருளாக்கும் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் சட்டென்று பிடிபடுகிறது. ‘இது எங்க மாமா பண்ற வேலைதானே’ என்று ஒரு பையன் சொன்னான். நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் இந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பாசம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது, மலாலாவின் ‘ஐ ஆம் மலாலா’. செய்தியாக எல்லோருக்கும் தெரிந்த கதை. புத்தகத்தில் மலாலா முதல் ரேங்குக்காகத் தோழியோடு போட்டி போடும் சாதாரணப் பெண்ணாக இருக்கிறார், ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில் பி.பி.சி.க்கு நாட்குறிப்பு தருகிறார். மூன்றாவது, ஸ்டீவ் ஷைன்கின் எழுதிய ‘பாம்’. அணுகுண்டு தயாரித்த விஞ்ஞானிகளையும் அதன் ரகசியத்தைத் திருடிய உளவாளிகளையும் பற்றியது, துப்பறியும் கதை வேகத்தில் போகும். ஆட்கள் அதிகம், பெயர்கள் குழப்பும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்குவாம்பா புத்தகத்துக்கும் மலாலா புத்தகத்துக்கும் பெரியவர்கள் பதிப்பு ஒன்று, இளையோர் பதிப்பு ஒன்று என்று இரண்டு உண்டு. அட்டையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இரண்டிலும் எழுத்தும் வேறு, விவரமும் கூடக் குறைய இருக்கும். பட்டியலில் ‘இளையோர் பதிப்பு’ என்று ஆசிரியையை எழுதச் சொல்லுங்கள். ஒரு அணி ஒன்றைப் படித்து, கேள்வி இன்னொன்றிலிருந்து வந்தால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்.

தாய்மொழியில் படிக்கும் புத்தகத்துக்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை: ‘டோட்டோசான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய மொழியில் டெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்டது. நேஷனல் புக் டிரஸ்ட் இதை இந்திய மொழிகளில் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் மகள் தமிழில் படிக்கட்டும், மராத்திப் பிள்ளை மராத்தியில், இந்திப் பிள்ளை இந்தியில். கேள்வி ஒன்றே. வகுப்பில் ஒழுங்காக உட்காராததால் முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் டோமோயி என்ற பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே, "உனக்கு என்னவெல்லாம் சொல்லத் தோன்றுகிறதோ சொல்" என்று உட்கார்ந்து நான்கு மணி நேரம் கேட்கிறார். இது எழுதியவரின் சொந்தக் கதை. 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. போலியோவால் கால் வராத நண்பனை டோட்டோசான் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தை நீங்களே மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏணியை இழுத்து வந்து, கீழிருந்து தள்ளி, வியர்த்து விறுவிறுத்து இரண்டு பிள்ளைகளும் படும் பாட்டைத் தமிழில் வாய்விட்டு வாசித்தால் அந்த வியர்வை நம் மேலும் வரும்.

பட்டியலில் எதைச் சேர்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாரி பாட்டர் மாதிரி நீண்ட தொடர்கள் வேண்டாம். ஏற்கெனவே தலைகீழாகத் தெரிந்த பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள், புதிதாகத் தொடங்குகிறவர் எட்டிப் பிடிக்க முடியாது. கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ பரிசளிப்பு விழாதோறும் கைக்கு வரும் புத்தகம். ராமேஸ்வரம் பகுதி அருமை. போர்க்காலத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள் என்று வரும் இடத்தில் பிள்ளைகள் கண் விரியும். ராக்கெட் தொழில்நுட்பத்துக்குள் போன பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளை மூச்சு முட்டி நின்றுவிடும். முதல் பகுதியை வீட்டில் படியுங்கள், போட்டிக்கு வேண்டாம். பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் தன்வரலாறும் அப்படித்தான். முழுப் புத்தகம் இந்த வயதுக்குக் கனம். ஆனால் நம் மும்பைப் பையன் ஒருவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அதன் தொண்டையில் மஞ்சள் திட்டைப் பார்த்து, இது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறிய கதையை எந்தப் பிள்ளைக்கும் சொல்லலாம்.

சரி, பத்துப் புத்தகம், ஐந்து பிள்ளைகள், பதினான்கு வாரம். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் யாரும் எதையும் சரியாகப் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு பேர் பொறுப்பு. அப்படியானால் ஒருவருக்கு நான்கு புத்தகம். ஒன்றுக்கு மூன்று வாரம் வைத்தால் பன்னிரண்டு வாரம், கடைசி இரண்டு வாரம் கேள்வி கேட்டுப் பழக. ஏன் இரண்டு பேர் என்றால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அணி நிற்கும், அதைவிட முக்கியமாக, ஒரே புத்தகத்தைப் படித்த இரண்டு பிள்ளைகள் சண்டை போடுவார்கள். ‘அவன் செய்தது சரியா’ என்று இரண்டு பேர் மாடிப்படியில் நின்று வாதாடினால், அந்தப் புத்தகம் அவர்களுக்கு மறக்காது.

கேள்விகளைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும். நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் கேள்வியும் அச்சுப் பக்கத்தின் மூலையில் பதிலும் எழுதுவோம். புத்தகத்துக்கு இருபது அட்டை. கேள்வி எழுதத் தொடங்கிய பிள்ளை படிக்கும் விதமே மாறிவிடும், எது கேட்கத் தகுந்தது என்று கண் தேட ஆரம்பிக்கும். ஆசிரியர் பெயர்களை எழுத்துப் பிசகாமல் சொல்லவும் அந்த அட்டைகளே போதும். அப்புறம், ‘ஹோல்ஸ்’, கம்குவாம்பா இரண்டும் படமாக வந்திருக்கின்றன. போட்டி முடிந்த பிறகு பார்க்கலாம். படத்தில் மாற்றியிருப்பதுதான் மேடையில் முதலில் ஞாபகம் வரும்.

இனி உங்கள் பங்கு. இங்கிலீஷ் நாவல் சொல்லித்தர எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லித்தர வேண்டாம். தினமும் மாலை கால் மணி நேரம், அன்று படித்ததை மகள் உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் ஒரு மாணவியின் அம்மா இட்லி வியாபாரம் செய்பவர். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்க மட்டும் வரும். மாலையில் உளுந்து களைந்துகொண்டே மகளிடம் ‘ஹாட்செட்’ கதை கேட்டிருக்கிறார். விமானம் ஏரியில் மூழ்கியது, பையன் நீந்திக் கரையேறினான், கையில் கோடாரி மட்டும்தான் இருந்தது என்று பெண் சொல்லிக்கொண்டே போகிறாள். அம்மா நிறுத்தினார். "இரு, இரு. கோடாரி எங்க இருந்துச்சு? பையில இருந்தா விமானத்தோட தண்ணிக்குள்ள போயிருக்குமே?"

பெண்ணிடம் பதில் இல்லை. எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். விமானம் ஏறப்போகும் வழியில் அம்மா பரிசாகக் கொடுத்தபோது, சும்மா மாட்டிப்பார் என்று சொல்ல, பையன் அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தான், கழற்ற மறந்துவிட்டான். முதல் அத்தியாயத்தில் போகிறபோக்கில் வரும் வரி. அந்த வரி இல்லாவிட்டால் கதையே இல்லை, படித்த பெண் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள், படிக்காத அம்மா பிடித்துவிட்டார். மறுநாள் காலை அந்தப் பெண் என்னிடம் ஓடிவந்து சொன்னது: "மிஸ், எங்கம்மா கேட்ட மாதிரி நீங்ககூடக் கேட்கல."

மொழி மாற்றிச் சொல்லும்போது பிள்ளையால் வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்க முடியாது. புரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். எங்கே திணறுகிறாளோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம், எங்கே தாண்டிப் போகிறாளோ அங்கே மறுபடி படிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நீங்கள் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ‘ஏன்?’, ‘அப்புறம்?’, ‘அது எப்படி அங்கே வந்தது?’ இந்த மூன்று கேள்வி போதும். தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள், அவளே போய்ப் பார்த்துக்கொள்வாள்.

இன்னொன்று, இது கொடுக்கல் வாங்கலாக இருக்கட்டும். அவள் உங்களுக்கு இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் சொன்னால், நீங்கள் அவளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாசியுங்கள். உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்து எழுதிய சிறுவர் நாவல், 2023இல் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ‘ஆதன்’ என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளில் கீறியிருக்கிறது என்று சொல்லித் தொடங்குங்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அதை நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிட வேண்டும். கேள்வி கேட்கும் ஒரு மாணவிக்குப் பள்ளியில் நேரும் கதை அது, முடிவு கனமானது. படித்து முடித்தபின் பக்கத்தில் உட்கார்ந்து பேச நீங்கள் இருக்க வேண்டும்.

அந்தப் படம் போட்ட டைரிகளைப் பிடுங்காதீர்கள். நிறைய வாசித்துப் பழகிய கண் அவளுக்கு அதனால்தான் வந்திருக்கிறது. நடுவில் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ கிடைத்தால் கொடுங்கள். முழுக்கப் படக்கதை, நாயகனும் ஏழாம் வகுப்பு, 2020இல் நியூபெரி பதக்கம் வாங்கிய முதல் படக்கதை நாவல் அதுதான். அதிலிருந்து நிஷாவின் டைரிக்குப் போவது எளிது.

வாங்குவதற்குக் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் தொடங்குங்கள், உங்களுக்குப் பக்கம்தான். பத்தும் அங்கே கிடைக்காது. ‘ஹோல்ஸ்’, ‘ஹாட்செட்’, நாராயண் புத்தகங்களை நான் அங்கே எடுத்திருக்கிறேன். பெயர்களைச் சீட்டில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் எடுத்து வைப்பார்கள். பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா, முக்கியமாகக் கடைசிப் பக்கங்கள், என்று அங்கேயே புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். அவள் நின்றபடியே முதல் பக்கத்தைப் படிக்கட்டும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். யாரும் கேட்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள் என்றால் அந்தப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள்.